கண்ணாடிக் கோலிகள்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கோலி சேர்ப்பவன் என்று தெரிந்ததும், யாராவது ஒருவர் பழைய டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கொட்டி, "இதில் பழையது எது, புதியது எது?" என்று கேட்பார். இத்தனை ஆண்டுகளாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நம் ஊர்க் கோலியைப் பற்றியும் இதில் உண்டு. ஆனால் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் கோலிகளின் தாய்வீடு ஜெர்மனியும் அமெரிக்காவும். ஆகவே பேச்சு பெரும்பாலும் அங்கேதான் சுற்றும்.

ஒரு கோலி கையில் கிடைத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அதன் இரண்டு முனைகளைப் பாருங்கள். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உருண்டைக்கு ஏது முனை என்று தோன்றும். கோலியை விரலிடுக்கில் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தில் மெல்ல உருட்டுங்கள். வண்ணக் கோடுகள் எங்கோ ஓரிடத்தில் வந்து கூடும். நேர் எதிர்ப்பக்கத்திலும் அப்படியே ஓரிடம் இருக்கும். அந்த இரண்டு இடங்களிலும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சிறு சொரசொரப்பு, வெட்டிய அடையாளம், தேய்த்துச் சமன்செய்த சிறு வட்டம் இவற்றில் ஏதாவது தட்டுப்பட்டால் அது கையால் செய்த கோலியாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆங்கிலத்தில் இந்த அடையாளத்தைப் 'பாண்டில்' என்பார்கள். நான் தழும்பு என்றே எழுதுகிறேன். அது அந்தக் கோலியின் தொப்புள்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் வண்ணத்தைப் பார்த்து வகையைச் சொல்லப் பார்க்கிறார்கள். சிவப்பும் வெள்ளையும் கலந்த கோலியை நூறு ஆண்டுகளில் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அது எப்படிப் பிறந்தது என்பதை முனைகள்தான் சொல்லும். பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

தழும்பு எப்படி உண்டாகிறது?

இதற்கு லௌஷாவுக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள சிற்றூர் அது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடித் தொழில் செய்த ஊர். 1846-இல் அங்கே எலியாஸ் கிரைனர் என்ற கண்ணாடித் தொழிலாளர் ஒரு கருவியைச் செய்தார். பார்வைக்கு இடுக்கி போல இருக்கும். ஒரு பக்கம் சிறு கிண்ணம், அதையொட்டி வெட்டும் அலகு. கோலிக் கத்தரி என்று அதற்குப் பெயர்.

ஜவ்வு மிட்டாய்க்காரர் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கழியில் சுற்றிய பாகிலிருந்து ஒரு துண்டை இழுத்து, முறுக்கி, நீட்டுவார். வெள்ளைக்குள் இளஞ்சிவப்புக் கோடு நெளிந்தபடி நீளும். லௌஷாவில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான். உலையில் இளகிய கண்ணாடியை இரும்புக் கோலின் நுனியில் எடுப்பார்கள். அதன்மேல் வண்ணக் கண்ணாடிக் குச்சிகளை வரிசையாக ஒட்டுவார்கள். மேலே தெளிந்த கண்ணாடியால் ஒரு போர்வை. அதற்கும் மேலே இன்னும் சில வண்ண இழைகள். பிறகு சூடு ஆறுவதற்குள் முறுக்கிக்கொண்டே இழுப்பார்கள். நீண்ட கண்ணாடித் தண்டு கிடைக்கும். தண்டின் நுனியைக் கத்தரியின் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றினால் உருண்டை வரும், அலகை அழுத்தினால் துண்டாகும். அடுத்த நுனி, அடுத்த கோலி.

தண்டிலிருந்து வெட்டிய கோலிக்கு இரண்டு பக்கமும் வெட்டு விழும். ஆகவே இரண்டு தழும்புகள். தண்டின் கடைசித் துண்டுக்கு ஒன்றுதான் இருக்கும். பெரிய, விலையுயர்ந்த கோலிகளின் தழும்பைச் சாணை பிடித்து மழுக்கியிருப்பார்கள். சிலவற்றை மீண்டும் நெருப்பில் காட்டி இளக்கியிருப்பார்கள். எப்படிச் செய்தாலும் சுவடு முழுதாக மறையாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்த இடத்தில் வண்ண இழைகள் திடீரென நின்றுபோவது தெரியும்.

ஜெர்மானியக் கோலிகளில் என்னென்ன வகைகள் உண்டு?

நிறைய உண்டு. சேகரிப்பாளர்கள் கோலியின் நடுவில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள்.

நடுவில் நூல்வலை போல் மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால் அது 'லட்டிசினோ'. இதில் வெள்ளை வலை மலிவாகக் கிடைக்கும், மஞ்சள் சற்றுக் குறைவு. சிவப்பு வலையும் நீல வலையும் அரிது. வலைக்குப் பதிலாக வாழைத்தண்டு போல முழுத்தண்டாக இருந்தால் அது 'சாலிட் கோர்'. தனித்தனி நாடாக்களாகப் பிரிந்து, இடையே வெளிச்சம் ஊடுருவினால் 'டிவைடட் கோர்'. ஒரே ஒரு பட்டை நாடா முறுக்கி நின்றால் 'ரிப்பன் கோர்'.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆனியன்ஸ்கின்', அதாவது வெங்காயத்தோல். வண்ணப் பொடிகளின் மேல் உருட்டி எடுத்து இழுத்த கண்ணாடி. பொடிகள் நீண்டு, கருவைச் சுற்றி மெல்லிய தோல் போலப் படிந்திருக்கும். என்னிடம் இருப்பது மஞ்சள் தரையில் சிவப்புக் கீற்றுகள் கொண்டது. அதற்குள் அபிரகத் துணுக்குகளும் தூவியிருக்கிறார்கள். மேகமூட்டமான நாளில் ஒன்றும் தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் உள்ளே வெள்ளிச் செதில்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும்.

'லட்ஸ்' என்றொரு வகை உண்டு. செம்புத் துகள் மின்னும் பொன்னிறப் பட்டைகள் கொண்டது. அமெரிக்காவில் பாஸ்டன் அண்ட் சாண்ட்விச் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்த நிக்கோலஸ் லட்ஸ் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் இந்த மின்னும் கண்ணாடியைத் தன் பாத்திரங்களில் பயன்படுத்தியவர். ஆனால் அவர் கோலி செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. கோலிகள் ஜெர்மனியில் பிறந்தவை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

'இந்தியன்' என்று ஒரு வகைக் கோலி விற்கிறார்களே, அது இந்தியாவில் செய்ததா?

இல்லை. அதுவும் ஜெர்மனியில் செய்ததே. ஒளி புகாத கருங்கண்ணாடி மேல் வண்ணப் பட்டைகள் ஓடும் கோலிக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் அது. இரண்டு தழும்புகள் இருக்கும். பெயரைப் பார்த்து நம் நாட்டுப் பழம்பொருள் என்று ஆசையோடு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கோலி அழகானதுதான், ஆகவே வாங்கியதில் நஷ்டமில்லை.

உள்ளே வெள்ளிப் பூச்சு போட்டது போல ஆடு, நாய், பறவை உருவம் இருக்கும் கோலி என்ன?

அதன் பெயர் 'சல்ஃபைடு'. உள்ளே இருப்பது வெள்ளி அன்று. வெள்ளைக் களிமண் போன்ற பொருளில் வார்த்த சிறு உருவம். சூடான கண்ணாடிக்குள் அதைப் பொதியும்போது உருவத்தைச் சுற்றி மெல்லிய காற்றுப்படலம் தங்கிவிடுகிறது. அந்தப் படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் வெள்ளி போலத் தெரிகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு அங்குல அளவில் பெரியவையாக இருக்கும். ஒவ்வொன்றாகச் செய்தவை என்பதால் பொதுவாக ஒரே தழும்புதான் இருக்கும். விலங்குகளே அதிகம். மனித உருவங்களுக்கு மதிப்புக் கூடுதல். உருவத்துக்கு வண்ணம் தீட்டியிருந்தாலோ, கண்ணாடியே நிறம் உள்ளதாக இருந்தாலோ இன்னும் கூடுதல்.

இதற்குப் போலிகள் நிறைய வருகின்றன. பழைய சல்ஃபைடின் மேற்பரப்பில் விளையாடிய காயங்கள் இருக்கும், உள்ளே சிறு குமிழிகள் இருக்கும், உருவம் சற்றே கோணலாக நிற்கும். தண்ணீர் போலத் தெளிந்த கண்ணாடிக்குள் ஒழுங்காக நடுவில் நிற்கும் உருவத்தைக் கண்டால் நிதானியுங்கள்.

முனைகளில் தழும்பே இல்லை. அப்படியென்றால்?

இயந்திரத்தில் செய்தது. கதை இங்கே அமெரிக்காவுக்கு மாறுகிறது.

ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் ஃபிரெடரிக் கிறிஸ்டென்சென் என்பவர் கோலி உருட்டும் இயந்திரத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் எல்லோரும் கையாண்ட அமைப்பு இது: திருகாணிப் புரி போலப் பள்ளம் வெட்டிய இரண்டு உருளைகள் அருகருகே சுழலும். சூடான கண்ணாடித் துளி ஒரு முனையில் விழும். பள்ளத்தின் வழியே உருண்டு உருண்டு நகர்ந்து, மறுமுனைக்கு வந்து சேர்வதற்குள் உருண்டையாகி இறுகிவிடும். எல்லாத் திசையிலும் உருள்வதால் தழும்பு இல்லை.

அவருடைய தொழிற்சாலையில் உருட்டுவது மட்டும்தான் இயந்திரம். கண்ணாடியை உலையிலிருந்து எடுத்துச் சொட்டவிடுவது மனிதக் கை. எடுப்பவர் கோலைத் திருப்பிக்கொண்டே துளியை விழவிடுவார். அந்த மணிக்கட்டின் அசைவு கோலியில் பதிந்துவிட்டது. நீலமோ பச்சையோ ஊதாவோ வெள்ளையோடு கலந்த அவருடைய 'ஸ்லாக்' கோலியை எடுத்து, ஒரு முனையை நேராகப் பாருங்கள். வெள்ளைக் கோடு வளைந்து '9' என்ற எண் போல நிற்கும். மறுமுனையில் அறுத்துவிட்ட வால் தெரியும். அந்த ஒன்பதை முதன்முதலாக நானே கண்டுபிடித்த மாலையில், பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கையைத் தொட்டது போல் இருந்தது. அந்தத் தொழிற்சாலை 1917-இல் மூடியது. போர்க்காலத்தில் உலைக்கு வேண்டிய எரிவாயு கிடைக்கவில்லை.

அதே போர்தான் ஜெர்மானியக் கோலிகள் அமெரிக்காவுக்கு வருவதையும் தடுத்தது. அந்த இடைவெளியில்தான் அமெரிக்கத் தொழிற்சாலைகள் வேகமாக வளர்ந்தன.

அமெரிக்க இயந்திரக் கோலிகளை நிறுவனவாரியாக எப்படிப் பிரிப்பது?

எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் சில கோலிகளைப் பார்த்து வாதிட்டுக்கொள்வார்கள். ஆனால் சில வகைகள் பார்த்தவுடன் ஊர் பேர் சொல்லிவிடும்.

ஆக்ரோ அகேட்: ஆக்ரனில் தொடங்கி, 1914-இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்கு இடம் மாறிய நிறுவனம். அந்த மாநிலத்தில் கண்ணாடிக்கு ஏற்ற மணலும் எரிவாயுவும் இருந்தன. இவர்களின் முத்திரை 'கார்க்ஸ்க்ரூ', திருகுச்சுழல். வண்ண நாடா ஒரு முனையில் புறப்பட்டு, கோலியைச் சுற்றிச் சுற்றி வந்து மறுமுனையில் முடியும். கண்ணாடி விழும் துளைக்குக் கீழே சுழலும் கிண்ணம் ஒன்றைப் பொருத்தியதால் வந்தது இந்த வடிவம். இன்னொரு அடையாளம் 'ஆக்ஸ்பிளட்', காளையின் இரத்த நிறம். உறைந்த இரத்தம் போல் கருஞ்சிவப்பாக, ஒளி புகாமல், ஓரங்களில் கருங்கோடுகளோடு இருக்கும். சாதாரணச் சிவப்பைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். பளபளக்கும் தக்காளிச் சிவப்பாக இருந்தால் அது ஆக்ஸ்பிளட் இல்லை.

பெல்ட்டியர்: இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரத்தவர்கள். 'ரெயின்போ' வகைதான் இவர்களின் பெருமை. ஒளி புகாத அடிநிறத்தின் மேல் நாடாக்கள் ஓடும். சேகரிப்பாளர்கள் நிறக் கலவைக்கு ஏற்பப் பெயர் வைத்திருக்கிறார்கள்: இளநீலத்தில் சிவப்பும் மஞ்சளும் என்றால் 'சூப்பர்மேன்', வெள்ளையில் சிவப்பும் பச்சையும் என்றால் 'கிறிஸ்துமஸ் ட்ரீ'. பத்திரிகைச் சித்திரக்கதைப் பாத்திரங்களின் முகத்தைக் கறுப்பு மையில் பதித்து விற்றவர்களும் இவர்களே. பெட்டி பூப் உள்பட மொத்தம் 12 முகங்கள்.

கிறிஸ்டென்சென் அகேட்: பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஆக்ரன் கிறிஸ்டென்சென் குடும்பத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், இது வேறு நிறுவனம். 1925-இல் தொடங்கி 1933-இல் முடிந்துவிட்டது. பெரும்பகுதிக் காலம் ஒஹாயோவின் கேம்பிரிட்ஜில் நடந்தது. எட்டு ஆண்டுகள்தான் என்றாலும் இயந்திரக் கோலிகளில் இதைவிட அழகு வேறெங்கும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் மஞ்சளும் நீலமும். தீக்கொழுந்து போல் மேலெழும் 'ஃபிளேம்' வடிவங்கள். கினிக்கோழியின் இறகுப் புள்ளிகள் போல வண்ணத் துளிகள் தெறித்த 'கினி' கோலி. விலை உச்சத்தில் இருக்கிறது, அதனாலேயே போலியும் உச்சத்தில் இருக்கிறது.

மார்பிள் கிங்: 1949-இல் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கியது. மஞ்சளும் கறுப்பும் பட்டைபட்டையாக இருந்தால் 'பம்பிள்பீ', சிவப்பும் கறுப்பும் என்றால் 'வாஸ்ப்', அதாவது குளவி. இரண்டு பக்கமும் தையல் போட்டது போல ஒரு பொருத்துக்கோடு ஓடும். இன்றும் மலிவாகக் கிடைப்பதால் தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றவை.

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் வாங்கிய பூனைக்கண் கோலிக்கு மதிப்பு உண்டா?

தெளிந்த கண்ணாடிக்குள் இலை போல மூன்று நான்கு வண்ண இதழ்கள் நிற்கும் கோலியைத்தான் உலகம் முழுக்கப் பூனைக்கண் என்கிறார்கள். நாம் கோலி, கோலிக்குண்டு, பளிங்கு என்று ஊருக்கு ஒரு பெயரிலும், யாழ்ப்பாணத்தில் போளை என்றும் சொல்லி விளையாடியவற்றில் பெரும்பகுதி இந்த வகையே. இது ஜப்பானியர்களின் வேலைப்பாடு. 1950-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பூனைக்கண் அமெரிக்கச் சந்தையில் குவிந்தது. சிறுவர்கள் பழைய வகைகளை விட்டுவிட்டார்கள். ஆக்ரோ அகேட் 1951-இல் கதவை மூடியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். மிஞ்சிய நிறுவனங்கள் தாங்களும் பூனைக்கண் செய்யக் கற்றுக்கொண்டன. பெல்ட்டியரின் ஒற்றை இதழ்ப் பூனைக்கண்ணுக்கு 'பனானா' என்று பெயர். பார்க்க வாழைப்பழம்தான்.

சாதாரணப் பூனைக்கண்ணுக்குப் பண மதிப்பு ஏறத்தாழ இல்லை. ஆனால் நான் ஒன்றையும் வீசியதில்லை. இதழ்களின் எண்ணிக்கை, கண்ணாடியின் பச்சைச் சாயல், குமிழிகள் இவற்றைப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கோலி சோடா பாட்டிலுக்குள் இருக்கும் கோலியைச் சேகரிக்கலாமா?

தாராளமாக. இங்கிலாந்தில் ஹைரம் காட் என்ற பொறியாளர் 1872-இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், உள்ளே ஒரு கோலி. சோடாவின் வாயு அழுத்தம் கோலியை மேலே தள்ளி வளையத்தில் பொருத்திவிடும். மூடி வேண்டாம், கார்க் வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் கோலி உள்ளே விழும். கழுத்திலுள்ள இடுக்கில் அது தங்கிக்கொள்வதால் சோடா தடையின்றி வெளியே வரும். இங்கிலாந்து கைவிட்டுப் பல காலம் ஆகியும் நம் நாட்டில் அது உயிரோடு இருக்கிறது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பானத்துக்கும் இதே பாட்டில்தான்.

சிறு வயதில் உடைந்த பாட்டிலிலிருந்து எடுத்த கோலி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. வண்ண இழை எதுவும் இல்லை. வெளிர் பச்சை, நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு குமிழி. எங்கள் தெருவில் இதன் விலை ஐந்து சாதாரணக் கோலிகள். சேகரிப்பாளர்களிடம் கோலியை விடப் பாட்டிலுக்குத்தான் விலை. உடைக்காமல் பாட்டிலோடு வைத்திருங்கள்.

இருப்புப்பாதை ஓரத்தில் வெளிர் பச்சைக் கோலி கிடைத்தது. பழையதா?

விளையாட்டுக் கோலியாக இல்லாமல் இருக்கலாம். கண்ணாடி இழை செய்யும் ஆலைகளுக்கு மூலப்பொருளைக் கோலி வடிவத்தில் அனுப்பும் வழக்கம் உண்டு. உருக்குவதற்கு எளிது, அளப்பதற்கும் எளிது. சரக்கு வண்டியிலிருந்து சிந்தியவை அமெரிக்க இருப்புப்பாதைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. வண்ணப்பூச்சுத் தெளிப்பான் டப்பாவைக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஒலிப்பதும் பல நேரம் ஒரு கண்ணாடிக் கோலிதான்.

புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்கிறது. பழையது என்று நம்பலாமா?

யுரேனியம் கலந்த கண்ணாடி புற ஊதா ஒளியில் பளீரென்று பச்சையாக ஒளிரும். மாங்கனீசு கலந்தது மங்கலாக ஒளிரும். ஆனால் இன்றும் யுரேனியக் கோலிகளைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒளிர்வு கண்ணாடியின் சேர்மானத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

அளவை எப்படிக் குறிப்பது?

நாணயம் வைத்து ஒப்பிடுவதெல்லாம் வேண்டாம், ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிவிடுங்கள். விற்பனைப் பட்டியல்கள் அங்குலப் பின்னத்தில் இருக்கும். சாதாரண விளையாட்டுக் கோலி 5/8 அங்குலம், ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அரை அங்குலத்துக்குக் குறைந்தால் 'பீவீ'. முக்கால் அங்குலமும் அதற்கு மேலும் என்றால் அடிக்கும் கோலி. ஒரே வகையில் பெரியதற்கு விலை பலமடங்கு ஏறும்.

கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்ற ஐயம் வந்தால் எடை போடுங்கள். 16 மில்லிமீட்டர் கண்ணாடிக் கோலி ஏறத்தாழ 5.4 கிராம் இருக்கும். அக்ரிலிக் அதில் பாதிகூட வராது.

'மின்ட்', 'நியர் மின்ட்' என்று எழுதுகிறார்களே, அதன் பொருள் என்ன?

அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் சங்கம் 1975 முதல் இயங்குகிறது. அவர்கள் பரப்பிய பத்து மதிப்பெண் முறையைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். 9-உம் அதற்கு மேலும் மின்ட், 8 முதல் 8.9 வரை நியர் மின்ட், 7 முதல் 7.9 வரை குட், அதற்குக் கீழே எல்லாம் கலெக்டிபிள்.

மதிப்பெண்ணை விடக் காயங்களின் பெயர்களைத் தெரிந்துகொள்வது முக்கியம். கோலி கோலியோடு மோதிய இடத்தில், மேற்பரப்பு உடையாமலேயே உள்ளே பிறை போல ஒரு விரிசல் விழும். அதற்கு 'மூன்' என்று பெயர். அடிக்கிற கோலியாக வாழ்ந்தவற்றின் உடம்பெல்லாம் பிறைகள் இருக்கும். துண்டு பெயர்ந்திருந்தால் 'சிப்'. உள்ளே ஆழமாக ஓடினால் 'ஃபிராக்சர்'. இவை பின்னால் வந்த காயங்கள். செய்யும்போதே நேர்ந்த மடிப்பு, திறந்த குமிழி, குளிரும்போது விழுந்த கோடு ஆகியவை வேறு. அவற்றுக்கு மதிப்பு அவ்வளவு குறையாது. விற்பவர் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் படம் கேளுங்கள்.

கீறல் விழுந்த பழைய கோலியை மெருகேற்றலாமா?

வேண்டாம். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

மெருகேற்றுவது என்றால் மேல்தோலைச் சீவுவது. கீறலோடு தழும்பும் போய்விடும், மேற்பரப்பின் அருகில் ஓடும் வண்ண இழையும் போய்விடும். நான் தொடங்கிய காலத்தில், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து லட்டிசினோ ஒன்றை வாங்கினேன். படத்தில் கண்ணாடித் துளி போல மின்னியது. வந்ததும் முனைகளைத் தடவினேன். இரண்டு பக்கமும் வழுவழுவென்று இருந்தது. வெளி இழைகள் பாதி வழியில் கரைந்து நின்றன. நூறாண்டுக்கு மேற்பட்ட கோலியாக இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தை யாரோ சாணையில் அழித்துவிட்டார்கள். விற்பவர் மெருகேற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்று முதல் முனைகளின் படம் அனுப்பாத யாரிடமும் நான் வாங்குவதில்லை.

வேறென்ன போலிகள் உண்டு?

மூன்று வழிகளில் ஏமாற்று நடக்கிறது. பழைய வெற்றுக் கோலியில் புதிதாகப் படம் பதித்துப் பெல்ட்டியர் சித்திரக்கோலி என்று விற்பது முதலாவது. புதிய கோலிகளைப் பழைய நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட அட்டை குத்திய பையில் போட்டு விற்பது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருகிறது: இன்றைய கலைஞர் ஒருவர் பழைய பாணியில் நேர்மையாகச் செய்து, முனையில் தன் முதலெழுத்தைப் பொறித்த கோலியை வாங்கி, அந்த எழுத்தைத் தேய்த்துவிட்டுப் பழையது என்று விற்பது. இதில் வாங்குபவரோடு அந்தக் கலைஞரும் ஏமாறுகிறார்.

புதிய கோலிகளைச் சேர்ப்பதில் பொருள் உண்டா?

கண்டிப்பாக உண்டு. மெக்சிகோவின் குவாதலஹாராவில் இயங்கும் வாக்கோர் நிறுவனம் இன்று உலகச் சந்தைக்குக் கோலி அனுப்பும் பெரிய ஆலைகளில் ஒன்று. அவர்களின் பல கோலிகளில் தண்ணீர்மேல் எண்ணெய் படிந்தது போன்ற வானவில் மினுக்கம் இருக்கும். விலை மிகக் குறைவு.

கலைஞர்களின் கோலி தனி உலகம். 1962-இல் டொலீடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பட்டறைகளுக்குப் பிறகு, தொழிற்சாலைக்கு வெளியே தனி மனிதர் சிறு உலை வைத்துக் கண்ணாடி செய்யலாம் என்ற நிலை வந்தது. அந்த அலையில் வந்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஜோஷ் சிம்ப்சன். உள்ளே கடலும் தீவும் மேகமும் தெரியும் உருண்டைகளைச் செய்து 'கோள்கள்' என்று பெயரிட்டார். 1976 முதல் அவற்றை உலகின் பல மூலைகளில் யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்தும் வருகிறார், என்றோ ஒருவர் கண்டெடுக்கட்டும் என்று.

புதிய கோலி வாங்கினால் செய்தவர் பெயர், ஆண்டு, வாங்கிய இடம் மூன்றையும் சிறு சீட்டில் எழுதி அதோடே வையுங்கள். லௌஷாவில் இதை யாரும் செய்யவில்லை. அதனால்தான் இன்று நாம் தழும்பைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

எப்படிக் கழுவுவது, எங்கே வைப்பது?

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி. கொதிநீர் கூடாது. உள்ளே பழைய விரிசல் இருந்தால் திடீர் வெப்பத்தில் பிளந்துவிடும். கிண்ணத்தில் குவித்து வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று மோதிப் பிறை விழும். அறை அறையாகப் பிரித்த பெட்டி நல்லது, முட்டை அட்டையும் போதும்.

பெரிய தெளிந்த கோலிகளை வெயில் படும் சன்னல் திண்ணையில் ஒருபோதும் வைக்காதீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி போல வெயிலைக் குவித்துத் தாளையும் துணியையும் பற்றவைத்துவிடும்.

சேகரித்த கோலியை வைத்து விளையாடலாமா?

தழும்புள்ளவற்றை வேண்டாம். மற்றவற்றை விளையாடுங்கள். இங்கிலாந்தில் வெஸ்ட் சசெக்ஸின் டின்ஸ்லி கிரீன் ஊரில் 1932 முதல் புனித வெள்ளியன்று கோலிப் போட்டி நடக்கிறது. ஆறடி வட்டத்தில் 49 கோலிகளைப் பரப்பி, அவற்றை வெளியே அடிக்க வேண்டும். அமெரிக்காவில் 1922-இல் தொடங்கிய தேசியப் போட்டி இப்போது நியூஜெர்சியின் வைல்ட்வுட் கடற்கரையில் நடக்கிறது. பத்தடி வட்டம், நடுவில் 13 கோலிகள். சிறுவர் சிறுமியர் முட்டிபோட்டு, விரல் கணுவைத் தரையில் ஊன்றி, கட்டைவிரலால் தெறிக்கிறார்கள்.

நம் ஊரில் குழி தோண்டி, நடுவிரலை வில் போல வளைத்து அடித்தோம். கை பிடிக்கும் முறை வேறு. ஆனால் அடிபட்ட கோலியை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் இங்கேயும் விழுந்திருப்பது அதே பிறைதான்.